உரிம ஏலத்தில் பணம் கட்டும் கெடு தவறினால், டேவணித் தொகையோடு பொறுப்பு முடிந்துவிடுமா?

மீன் வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், துறை, தேதி ஆகியவற்றை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மாநில அரசுத் துறை ஒன்று, நீர்த்தேக்கத்தில் 3 ஆண்டுகளுக்கு மீன்பிடிக்கும் உரிமத்தை ஏலம் விட்டது. நண்பர்கள் இருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, தம் ஒருவர் பெயரில் மட்டும் ரூ.2 லட்சம் டேவணி (ஏலத்தில் கலந்துகொள்ள முன்கூட்டியே கட்டும் வைப்புத் தொகை) கட்டிய வாசகர், ரூ.48 லட்சத்துக்கு ஏலம் எடுத்தார். அவருக்கு அடுத்தபடியாகக் கேட்டவர் நின்ற தொகை ரூ.37 லட்சம். ஏலத்தை உறுதி செய்த ஆணை, கையெழுத்தாகி 6 நாட்கள் கழித்துத் தபாலில் வந்து சேர்ந்தது. உறுதி ஆணை பிறப்பிக்கப்பட்ட 15 நாட்களுக்குள் முதல் தவணை ரூ.16 லட்சமும் பிணை வைப்பு ரூ.4.80 லட்சமும் கட்டி, ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது நிபந்தனை. தவறினால் டேவணி பறிமுதலாகும். அவருடைய நட்டப் பொறுப்பில் மறு ஏலம் விடப்படும். குறையும் தொகை நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கப்படும். 3 ஆண்டுகளுக்கு வேறு எந்த ஏலத்திலும் கலந்துகொள்ள முடியாது.

14ஆம் நாளில் ரூ.6 லட்சம் கட்டியிருக்கிறார். நண்பர் ஒருவர் விலகிக்கொண்டார். வங்கிக் கடன் தாமதமாகிவிட்டது. ஆணைத் தேதியிலிருந்து எண்ணினால் கெடு முடிந்து 12 நாட்கள் ஆகின்றன. வங்கி இன்னும் 10 நாட்களில் பணம் தருவதாகச் சொல்கிறது. அலுவலகத்தில் ஒருவர், "ஒரு வாரம் பொறுத்துக்கொள்கிறோம்" என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். ரத்து ஆணை எதுவும் இதுவரை வரவில்லை. "டேவணி போனால் போகட்டும், பேசாமல் விட்டுவிடலாமா? என் தவறை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் தயாராக வைத்திருக்கிறேன். மறு ஏலத்தில் என் மைத்துனரை நிறுத்தி, குறைந்த தொகைக்கு எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

முதலில், எழுதி வைத்திருக்கும் அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். "நிபந்தனைப்படி பணம் கட்டத் தவறி ஒப்பந்தத்தை மீறிவிட்டேன், டேவணியை எடுத்துக்கொண்டு என்னை விடுவிக்கவும்" என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது பணிவான வேண்டுகோளாகத் தோன்றுகிறது. கோப்பில் ஏறியபின் அதுவே உங்கள் ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். கர்நாடக அரசுக்கும் ஸ்ரீ ராமேஸ்வரா அரிசி ஆலைக்கும் இடையிலான வழக்கில் 1987இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கோட்டைக் கிழித்தது. ஒப்பந்தம் மீறப்பட்டதா என்பதிலேயே தகராறு இருக்கும்போது, அந்த ஒப்பந்தத்தின் ஒரு தரப்பாகிய அரசின் அதிகாரியே நீதிபதியாக அமர்ந்து, மீறல் நடந்தது என்று தாமே முடிவு செய்து, நட்டத்தைத் தாமே கணக்கிட்டு, வரி பாக்கியைப் போல வசூலிக்க முடியாது. ஆனால் மீறலை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு விலகிவிடும். பொய் எழுதச் சொல்லவில்லை. பணம் தாமதமானது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தாமதம் சட்டத்தின் பார்வையில் என்ன என்ற முடிவை உங்கள் கைப்பட எழுதிக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

15 நாட்கள் எப்போது தொடங்கின?

ஆணை கைக்கு வந்த நாளிலிருந்துதான் கெடு ஓடும் என்று நம்பியிருக்கிறீர்கள். நிபந்தனையில் "ஆணை கிடைத்த" என்று இருந்திருந்தால் அது சரி. நீங்கள் நகலெடுத்து அனுப்பிய வாசகத்தில் "ஆணை பிறப்பிக்கப்பட்ட" என்றுதான் இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 4ஆம் பிரிவின்படி, ஏற்பு தெரிவிக்கும் கடிதம் அனுப்புநரின் கையை விட்டுப் போனவுடனே, அது உங்களை வந்து சேராவிட்டாலும், உங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கிவிடுகிறது. ஆகவே கெடு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். அதற்காக 6 நாள் தாமதம் பயனற்றது என்றும் நினைக்க வேண்டாம். கட்டுவதற்குக் கொடுத்த 15 நாட்களில் 6 நாட்களை, உங்கள் தவறு எதுவும் இல்லாமல், நிர்வாகமே எடுத்துக்கொண்டுவிட்டது என்பது கூடுதல் அவகாசம் கேட்பதற்கு வலுவான நியாயம். அஞ்சல் முத்திரையோடு கூடிய அந்த உறையைப் பத்திரப்படுத்துங்கள்.

வாய்மொழி அவகாசத்தை நம்பி இருக்காதீர்கள். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி அவகாசத்தை நீட்டிக்கும் உரிமை எதிர்த்தரப்புக்கு உண்டு. ஆனால் அரசு என்னும் தரப்பின் சார்பில் நீட்டிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. உங்களிடம் பேசியவருக்கு அந்த அதிகாரம் இல்லையென்றால் அவர் சொன்ன ஆறுதல் நாளை எந்தக் கோப்பிலும் இருக்காது. ஏலத்தை உறுதி செய்த அதே அதிகாரியிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும்.

இந்த இடத்தில் என் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் அலைக்கற்றை உரிமங்களை ஏலம் விடும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்தின் விதியில், இறுதித் தொகைக்கான கெடு தவறியவர் 5 விழுக்காடு தாமதக் கட்டணத்தோடு அடுத்த 10 வேலை நாட்களுக்குள் கட்டிவிடலாம். அதன்பிறகும் கட்டாவிட்டால்தான் அவர் தவறியவராகிறார். அப்போது மறு ஏலத்தில் குறையும் தொகையோடு கூடுதல் தண்டமும் சேர்ந்துகொள்ளும். கண்டிப்பான விதிதான், ஆயினும் ஒரு சிறு வணிகர் வங்கியின் தாமதத்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்துவிடாதபடி அதிலேயே ஒரு படி வைத்திருக்கிறார்கள். நம் ஏல அறிவிப்புகளிலும் இப்படி ஒரு வாசகம் இருந்துவிட்டால், அவகாசம் தருவது அதிகாரியின் தயவாக இல்லாமல் எல்லோருக்கும் பொதுவான விதியாகிவிடும். அரசுக்கும் மறு ஏலச் செலவு மிச்சமாகும்.

டேவணி, கட்டிய பணம், குறையும் தொகை

"டேவணி போனால் போகட்டும்" என்பதில்தான் உங்கள் கணக்கு பெரிதும் தவறுகிறது. உங்கள் வழக்கில் 3 தனித்தனிப் பணங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் சட்டம் வேறு வேறு.

டேவணித் தொகையைப் பொறுத்தவரை உங்களுக்கு நான் அதிக நம்பிக்கை தர மாட்டேன். நெடுஞ்சாலைச் சுங்க வசூல் ஒப்பந்தம் தொடர்பான கங்கா எண்டர்பிரைசஸ் வழக்கில், ஏற்பதற்கு முன்பே விலைப்புள்ளியைத் திரும்பப் பெற்றவரின் பிணைத்தொகையைப் பறிமுதல் செய்தது சரியே என்று 2003இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏலத்தில் விளையாட்டாகக் கேட்டுவிட்டு ஓடிவிடாமல் தடுக்கத்தான் அந்தத் தொகை வாங்கப்படுகிறது. ரூ.48 லட்சத்துக்கு ரூ.2 லட்சம் என்பது மிகையான அளவும் அல்ல.

நீங்கள் கட்டிய ரூ.6 லட்சம் டேவணி அல்ல. அறிவிப்பில் டேவணியைத்தான் பறிமுதல் செய்யலாம் என்று இருக்கிறது. பகுதித் தவணையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின் அடிப்படை, ஒப்பந்தத்தில் எவ்வளவு தண்டம் எழுதியிருந்தாலும் அது உச்ச வரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்பது. அரசோடு ஒப்பந்தம் செய்தாலே முழுத் தண்டமும் கட்ட வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. பொதுக் கடமைக்காக அரசுக்கு எழுதிக் கொடுக்கும் பிணைப் பத்திரங்களுக்கு அந்தப் பிரிவில் அப்படி ஒரு விதிவிலக்கு இருப்பது உண்மை. ஆனால் அரசோடு ஒப்பந்தம் செய்தவர் அதனாலேயே பொதுக் கடமையை ஏற்றவர் ஆகிவிடமாட்டார் என்று அதன் விளக்கமே சொல்லிவிடுகிறது. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும் கோழியும் வழங்க ஒப்புக்கொண்டு தவறிய மௌலா பக்ஷின் வழக்கில், இழப்பை நிரூபிக்க வாய்ப்பிருந்தும் அரசு நிரூபிக்காததால், அவருடைய பிணை வைப்பை வைத்துக்கொள்ள முடியாது என்று 1969இல் தீர்ப்பானது. ஆகவே ரூ.6 லட்சத்தை அப்படியே விழுங்கிவிட முடியாது. ஆனால் அதை உடனே திருப்பித் தந்துவிடுவார்கள் என்றும் எண்ணாதீர்கள். மறு ஏலத்தில் குறையும் தொகைக்கு ஈடாக அதைப் பிடித்து வைக்கவே துறை முயலும்.

அந்தக் குறையும் தொகைதான் உண்மையான சுமை. இரண்டாம் நிலையில் இருந்தவர் கேட்ட ரூ.37 லட்சத்துக்கே மறு ஏலம் போனாலும் வித்தியாசம் ரூ.11 லட்சம். மறு ஏலங்களில் முதல் ஏலத்தின் வேகம் பெரும்பாலும் இருப்பதில்லை. ரூ.30 லட்சத்துக்குப் போனால் வித்தியாசம் ரூ.18 லட்சமாகும். டேவணி அதில் கழியுமா, அதற்கு மேலும் சேருமா என்பது நிபந்தனையின் வாசகத்தைப் பொறுத்தது.

இதை எதிர்ப்பதற்கு உங்களிடம் வாதம் இல்லாமல் இல்லை. டெல்லியில் மதுக்கடை ஏலம் எடுத்தவர் முன்பணத்தை உரிய நாட்களுக்குள் கட்டாமல் போக, கடை மறு ஏலம் விடப்பட்டு, குறைந்த தொகை அவரிடம் கேட்கப்பட்டது. பீம் சென் வழக்கு என்று அறியப்படும் அதில், தலைமை ஆணையர் உறுதி செய்தால்தான் ஏலம் முடிவாகும் என்ற நிபந்தனை இருந்தும் உறுதி செய்யப்படாததால், ஒப்பந்தமே முழுமை பெறவில்லை, எனவே பொறுப்பும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. உங்கள் நண்பர் யாரோ சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பது இந்த வழக்கைத்தான். ஆனால் உங்கள் ஏலம் உறுதி செய்யப்பட்டுவிட்டது. அந்தத் தீர்ப்பு உங்களுக்குப் பொருந்தாது.

அரசின் ஒப்பந்தம் ஆளுநர் பெயரில் முறைப்படி எழுதப்பட வேண்டும் என்ற அரசமைப்புச் சட்டத்தின் 299ஆம் உறுப்பை வைத்து, பத்திரத்தில் நீங்கள் இன்னும் கையெழுத்திடவில்லை என்று வாதிடலாம். 1966இல் மத்தியப் பிரதேச வன ஏலம் ஒன்றில் அந்த வாதம் வென்றது. ஆனால் குறையும் தொகைக்கான பொறுப்பு வெறும் அறிவிப்பிலிருந்து வராமல், ஒரு சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட விதியிலிருந்து வருமானால் அந்த வாதம் நிற்காது. ஹரியானா மதுக்கடை ஏலம் ஒன்றில் 1984இல் அப்படித்தான் ஆனது. உங்கள் அறிவிப்பின் முதல் பக்கத்தில் எந்தச் சட்டம், எந்த விதிகள் என்று குறிப்பிட்டிருக்கிறார்களோ அவற்றின் நகலை முதலில் தேடி எடுங்கள். உங்கள் வழக்கின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

மறு ஏலம் எப்படி நடக்கிறது என்பதையும் கவனித்துக்கொண்டே இருங்கள். இழப்பைக் குறைக்க நியாயமான முயற்சி எடுக்கும் கடமை அரசுக்கும் உண்டு. ஓராண்டு கழித்து, மீதமுள்ள 2 ஆண்டுகளுக்கு மட்டும், வேறு நிபந்தனைகளோடு மறு ஏலம் விட்டுவிட்டு, 3 ஆண்டுத் தொகையோடு அதை ஒப்பிட்டு உங்களிடம் வித்தியாசம் கேட்க முடியாது. மாறாக, அதிகத் தொகைக்குப் போனால் நிலைமை தலைகீழாகும். டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982இல் ரூ.3.12 கோடிக்கு ஏலம் விட்ட மனைக்காகப் பெற்ற 25 விழுக்காடு முன்பணம் ரூ.78 லட்சத்தைப் பறிமுதல் செய்தது. பின்னர் அதே மனை ரூ.11.78 கோடிக்குப் போனது. கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் என்னும் அந்த வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம், இழப்பே இல்லாத இடத்தில் பறிமுதல் செல்லாது என்று பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. இதைப் படித்துவிட்டு மகிழ்வதற்கு முன் 2 விவரங்களைக் கவனியுங்கள். அங்கே அவகாசத்தை எழுத்து மூலம் நீட்டித்தது ஆணையமே. மேலும், ஒப்பந்தம் உருவாகும் முன்பே ஏல நிபந்தனையின்படி நடக்கும் பறிமுதலுக்கு 74ஆம் பிரிவு பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

இப்போது என்ன செய்யலாம்?

உரிமம் உங்களுக்கு உண்மையிலேயே லாபம் தருமா என்பதை முதலில் கறாராகக் கணக்கிடுங்கள். அடுத்தவரைவிட ரூ.11 லட்சம் கூடுதலாகக் கேட்டிருக்கிறீர்கள். ஏலக் களத்தின் சூட்டில் ஏறிய தொகையா, நீர்த்தேக்கத்தை அறிந்து கேட்ட தொகையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். நீர்மட்டம் குறைந்துவிட்டது என்று இப்போது காரணம் காட்டுவது உதவாது. "உள்ளது உள்ளபடி" என்ற நிபந்தனையில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்.

தொழில் தாங்கும் என்றால், பணத்தைக் கட்டிவிடுவதே என் தெளிவான பரிந்துரை. பாக்கி ரூ.14.80 லட்சம். வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம் கையில் இருக்கிறதென்றால், 10 நாட்களுக்கு மட்டும் மாதம் 2 விழுக்காடு வட்டிக்கு வெளியில் வாங்கினாலும் வட்டி ஏறத்தாழ 10 ஆயிரம் ரூபாய்தான். அதை ரூ.11 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்புதல் கடிதம் வராமல், "தந்துவிடுவோம்" என்ற பேச்சு மட்டும் இருந்தால் இந்த வழியில் இறங்காதீர்கள். ஒரு கெடுவுக்குப் பதில் இரண்டு கெடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

பணம் வருவதற்குள், நாளையே ஒரு மனு கொடுங்கள். ஆணை கைக்கு வந்த தேதி, கட்டிய ரூ.6 லட்சத்தின் செலுத்துச் சீட்டு விவரம், வங்கிக் கடிதம், மீதித் தொகையைக் கட்டப்போகும் திட்டவட்டமான தேதி, தாமதமான நாட்களுக்கு வட்டி தரச் சம்மதம், "எனக்குள்ள சட்ட உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்ற வரி ஆகியவை அதில் இருக்கட்டும். நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். விரைவு அஞ்சலிலும் ஒன்று அனுப்புங்கள். ரத்து ஆணை வருவதற்கு முன் கொடுக்கும் மனுவுக்கும் பின்னால் கொடுக்கும் மனுவுக்கும் எடையில் பெரிய வேறுபாடு உண்டு. தாமதமாகக் கட்டும் தொகையைத் துறை எந்தக் குறிப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, அந்தத் தாமதத்துக்காகப் பின்னால் இழப்பீடு கேட்பது அதற்குக் கடினமாகும்.

தொழில் தாங்காது என்றால், மௌனமாக இருப்பதைவிட, விரைவாக மறு ஏலம் விடும்படி எழுத்தில் கேட்டு வெளியேறுவது மேல். இந்தக் கடிதத்தை மட்டும் வழக்கறிஞர் ஒருவர் பார்த்துத் திருத்தாமல் கொடுக்காதீர்கள். விலகிப்போன நண்பர், "நாள் போனால் மறந்துவிடுவார்கள்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மாநில அரசு வழக்குத் தொடர காலவரையறைச் சட்டம், 1963 தரும் காலம் 30 ஆண்டுகள். அதோடு, நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க வழியிருந்தால், தமிழ்நாட்டின் 1864ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டத்தின் கீழ் வழக்கே இல்லாமல் உங்கள் சொத்தை ஜப்தி செய்யும் நடவடிக்கையும் தொடங்கலாம்.

நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிபந்தனைகளை அறிந்தே ஏலம் கேட்டவர், சுமை வந்தபின் அவற்றிலிருந்து தப்பிக்க ரிட் மனுவை (அரசின் நடவடிக்கையை எதிர்த்து நேராக உயர் நீதிமன்றத்தில் தொடுக்கும் மனு) கருவியாக்க முடியாது என்பது 1975ஆம் ஆண்டின் ஹர் சங்கர் வழக்கிலிருந்தே நிலைத்துவிட்ட கருத்து. ஆனால் விளக்கம் கேட்காமல் 3 ஆண்டுத் தடை விதித்தாலோ, மீறலை நீங்கள் மறுக்கும் நிலையில் ஜப்தி அறிவிப்பு வந்தாலோ, அப்போது ரிட் மனு பொருத்தமானது. தடை விதிக்கும் எண்ணம் இருந்தால் அதை விளக்கம் கேட்கும் அறிவிப்பிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கோர்க்கா செக்யூரிட்டி வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. அறிவிப்பு வந்தால் அதில் குறித்த நாட்களுக்குள் பதில் தாருங்கள். அதையும் தவறவிட்டால் எந்த நீதிமன்றத்திலும் உங்கள் நிலை பலவீனப்படும்.

மைத்துனரும் கூட்டாளிகளும்

மைத்துனரை மறு ஏலத்தில் நிறுத்தும் யோசனையைக் கைவிடுங்கள். அவர் எவ்வளவு குறைவாக எடுக்கிறாரோ, அந்த அளவுக்கு நீங்கள் கட்ட வேண்டிய வித்தியாசம் கூடும். குடும்பத்துக்கு இதில் ஒரு ரூபாயும் மிச்சமாகாது. அதைவிட ஆபத்தானது, தெரிந்தே தவறிவிட்டு உறவினர் மூலம் விலையைக் குறைத்ததாகத் துறை சந்தேகித்தால், வெறும் பணத் தகராறாக இருந்தது கூட்டுச்சதி, ஏமாற்று என்ற குற்றவியல் குற்றச்சாட்டாக மாறக்கூடும்.

கூட்டாளிகள் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு ஏற்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். துறையைப் பொறுத்தவரை ஏலதாரர் நீங்கள் ஒருவரே. முழுத் தொகையும் உங்களிடம்தான் கேட்கப்படும். அவர்களிடமிருந்து பங்கைப் பெறுவது தனி விவகாரம். உங்களுக்குள் இருப்பது பதிவு செய்யப்படாத கூட்டு வணிகம் என்றால், கூட்டு வணிகச் சட்டம், 1932இன் 69ஆம் பிரிவு, அந்த ஒப்பந்தத்தின் அடிப்படையில் நீங்கள் அவர்கள்மீது வழக்குத் தொடரவே தடையாக நிற்கும். கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்பதற்கு மட்டும் அந்தத் தடை இல்லை. ஆகையால் விலகிய நண்பரோடு பேச்சு முறிவதற்குள், அவர் எவ்வளவு போட்டார், எந்த நாளில் எதற்காக விலகினார், இழப்பில் எவ்வளவு ஏற்கிறார் என்பதை எழுதி மூவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பிய தொகைகளின் விவரங்களையும் இப்போதே எடுத்து அதோடு இணைத்துவிடுங்கள்.